மாடுலர் கிச்சனை நாமே மாட்டலாமா?

கேள்வி: கோவையில் புது ஃபிளாட். கிச்சன் கேபினட் எல்லாம் பார்சலாக வந்து ஹாலில் கிடக்கிறது. மாட்டித்தரக் கேட்கும் கூலிதான் மலைக்க வைக்கிறது. டிரில் மெஷின் இருக்கிறது, மைத்துனரும் துணைக்கு வருவார். சுவர் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றறைகள் உள்ள லேசான கான்கிரீட் கல்). இறங்கலாமா?

பதில்: கீழ்ப்பெட்டிகளைத் தாராளமாகச் செய்யலாம். முதலில் ரசமட்டம் வைத்துத் தரையின் மேட்டைக் கண்டுபிடித்து அங்கிருந்தே தொடங்குங்கள். பள்ளத்தில் இருக்கும் பெட்டிகளின் கால்களைத் திருகி உயர்த்திக்கொள்ளலாம். மேட்டில் காலை இறக்க இடம் இருக்காது. பெட்டிகளைக் கிளாம்ப் போட்டு ஒன்றோடொன்று ஸ்க்ரூ செய்த பிறகே கதவு.

பதில்: மேல்பெட்டிதான் வில்லங்கம். ஏஏசி சுவரில், ஓட்டைக்குள் செருகி ஸ்க்ரூவை முறுக்கும் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்றே வரும் நைலான் பிளக் கேளுங்கள். டிரில்லில் ஹேமர் மோடை (இடித்துக்கொண்டே துளைப்பது) அணைத்துவிட்டு ஓட்டை போடுங்கள், இல்லையென்றால் சுவர் மாவாகக் கொட்டி ஓட்டை பெருத்துவிடும். அம்மா இட்லிப் பானை, அண்டா எல்லாம் மேலே ஏற்றுகிற ஆளா?

கேட்டவர்: ஆமாம் சார், அதுதான் பயம்! கீழேயே வைக்கச் சொல்லிவிடுகிறேன். கிரானைட் மேடை?

பதில்: கிரானைட்டும் கேஸ் லைனும் ஆளிடம் விடுங்கள். சிங்க் பெட்டியில் பைப்புக்காக வெட்டும் ஓரங்களில் மட்டும் மறக்காமல் சிலிக்கான் பூசுங்கள். ஈரம் ஏறி உப்புவது அங்கேதான்.