அத்தை, இங்க அரிசி வேகாது

(குடும்ப வாட்ஸ்அப் குழு: வைகைக்கரை வீடு. ஜூலை மாசம், ஞாயிறு காலை)

தேனு அக்கா, 6:41
[படம்]
பொலிவியால கடைசி ஊரு, லா பாஸ் வந்தாச்சு. இங்க சனிக்கிழமை ராத்திரி 9 மணி. கீழ மினுக்குறது பூரா ஊர்தான். மேட்டு மேல இருக்கிற எல் ஆல்டோ ஊர்ல இருந்து கேபிள் கார்ல இறங்கினோம். ஆபீஸ் போறவங்க, காய்கறி மூட்டையோட பாட்டிங்க, எல்லாரும் அதுலதான் வர்றாங்க. 2014ல ஆரம்பிச்சிருக்காங்க

வள்ளி அத்தை, 6:43
ஏண்டி சாப்டியா

தேனு அக்கா, 6:43
ஆச்சு அத்தை. கீன்வா சூப், இங்கத்த தானியம்

வள்ளி அத்தை, 6:44
அது என்ன கருமமோ. அரிசியும் பருப்புப்பொடியும் கட்டிக் குடுத்தேனே

தேனு அக்கா, 6:46
உப்பு பாலைவனம் பாக்க உயுனி போனப்ப, தங்கின வீட்ல உலை வச்சேன் அத்தை. முக்கா மணி நேரம் கொதிச்சும் நடுவுல வெறை வெறையா நிக்குது. அந்த வீட்டம்மா பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே குக்கரை எடுத்து நீட்டினாங்க

பெரியப்பா, 6:49
உயுனி 3,650 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் பருப்பும் வேகாது.

வள்ளி அத்தை, 6:50
அண்ணே ரிட்டையர் ஆகியும் கிளாஸ் எடுக்கிறத விடல

செந்தில், 6:58
அக்கா செம. நானும் ஜனவரில வர்றேன். 5 நாள் லீவு. நேரா லா பாஸ்ல இறங்கி மறுநாள் உயுனி, அந்த கண்ணாடி மாதிரி வானம் தெரியுற போட்டோ, ரிட்டர்ன்

தேனு அக்கா, 7:01
டேய் அப்படி மட்டும் பண்ணாத. லா பாஸ் ஏர்போர்ட்டே எல் ஆல்டோலதான், 4,000 மீட்டருக்கு மேல. நேரா அங்க இறங்கினா உயரம் ஒத்துக்காம மூச்சு முட்டும். கொடைக்கானலே 2,100தான்

தேனு அக்கா, 7:04
நாங்க சாண்டா குரூஸ்ல இறங்கினோம், அது 400 மீட்டர்தான். அப்புறம் சுக்ரே, 2,800. அங்க அவசரமே படாம சுத்துனோம், வெள்ளை வெள்ளையா கட்டடம், நல்ல வெயில். அப்புறம்தான் பொட்டோசி, உயுனி. லா பாஸ கடைசிக்கு வச்சோம். அப்படியும் பொட்டோசில ஒரு தெரு மேடு ஏறுறதுக்குள்ள இவர் மூணு தடவை உக்காந்துட்டாரு

செந்தில், 7:05
அங்க குடிக்கிற கோகா இலை டீ குடிச்சா சரியாயிடும்ல

டாக்டர் சித்தி, 7:12
ஆகாது. கொஞ்சம் தெம்பா இருக்கும், அவ்வளவுதான். 3,000 மீட்டர் தாண்டினா தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500க்கு மேல கூட்டாதே. தலைவலி, தூக்கமின்மை வரும் போகும். ஆனா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்கணும். காலையில பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது. உயரத்துக்குப் போடுற டயமாக்ஸ் மாத்திரையை என்னைக் கேக்காம போடாதே

செந்தில், 7:13
அம்மா குரூப்லயே ப்ரிஸ்கிரிப்ஷனா

வள்ளி அத்தை, 7:15
தேனு அந்த கோகா இலை முட்டி வலிக்கு நல்லதாமே. ஒரு கைப்பிடி கொண்டா

டாக்டர் சித்தி, 7:16
மதினி வேண்டவே வேண்டாம். அங்க சந்தையில கூறு கட்டி விப்பாங்க, தப்பில்ல. கொகெய்ன் எடுக்கிறதே அந்த இலையிலதான். இங்க 1985 போதைப்பொருள் சட்டத்துல கோகா இலை பேரே இருக்கு. ஏர்போர்ட்லயே பிடிப்பாங்க

வள்ளி அத்தை, 7:17
ஆத்தி. முட்டி வலிச்சா வலிச்சுட்டுப் போகுது

தேனு அக்கா, 7:22
பொட்டோசில வெள்ளி மலை பாத்தோம்பா. இன்னும் உள்ள ஆளுங்க தோண்டுறாங்க. சுரங்கத்துக்குள்ள கொம்பு வச்ச ஒரு சாமி சிலை, எல் டீயோ. அதுக்கு கோகா இலை, சாராயம், வாயில சிகரெட்டு. நம்ம முனியாண்டிக்கு சுருட்டு வைக்கிற மாதிரியே

பெரியப்பா, 7:27
1545இல் அங்கே வெள்ளி கண்டுபிடித்தார்கள். ஸ்பெயின் பேரரசின் கஜானா அந்த மலைதான். பூர்வகுடிகளை முறைவைத்து உள்ளே இறக்கிக் கொன்றார்கள். சுற்றுலா என்று போய்ப் பார்க்க எனக்கு மனசு வராது.

தேனு அக்கா, 7:29
நாங்களும் வாசலோட வந்துட்டோம்பா. நாணயச்சாலை மியூசியம் மட்டும் உள்ள போனோம்

செந்தில், 7:33
அக்கா உப்பு பாலைவனம் போட்டோ போடு. உன்னோடதுல கண்ணாடி இல்லையே

தேனு அக்கா, 7:37
[படம்]
இப்ப காய்ஞ்ச சீசன். தண்ணி நிக்காது, தரை பூரா அறுகோணமா வெடிச்சுக் கிடக்கும். கண்ணாடி வேணும்னா ஜனவரியிலருந்து மார்ச். ஆனா அப்ப தண்ணி ஜாஸ்தியானா நடுவுல இருக்கிற கள்ளித் தீவுக்கு ஜீப் போகாது. எனக்குக் கேட்டா இப்பதான் அழகு. ராத்திரி மட்டும் மைனஸ்ல போகுது, ரெண்டு கம்பளிக்குள்ளயும் பல்லு தந்தியடிக்குது

பெரியப்பா, 7:40
அந்த உப்புக்கு அடியில்தான் லித்தியம். 10,000 சதுர கி.மீ.க்கு மேல் பரப்பு.

பெரியப்பா, 7:41
டிட்டிகாகா ஏரிக்கு எப்போது?

தேனு அக்கா, 7:44
நாளைக்குப்பா. டிகினா ஜலசந்தில நம்மள இறக்கி போட்ல ஏத்திடுவாங்களாம், பஸ் தனியா மரத் தெப்பத்துல வருமாம்

பெரியப்பா, 7:48
அங்கே கடற்படை முகாம் இருக்கும், பார். 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையைப் பறிகொடுத்த நாடு. ஆனாலும் கடற்படையைக் கலைக்கவில்லை, ஏரியில் பயிற்சி. கடலுக்கு வழி கேட்டுப் போட்ட வழக்கில் 2018இல் சர்வதேச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

வள்ளி அத்தை, 7:49
கடலே இல்லாம கடற்படையா

பெரியப்பா, 7:50
வருடா வருடம் மார்ச் 23இல் கடல் தினமும் கொண்டாடுகிறார்கள். போட்டோ அனுப்பு தேனு.

தேனு அக்கா, 7:52
ராணுவ முகாம போட்டோ எடுத்து உள்ள போகச் சொல்றீங்களாப்பா. ஏரி மட்டும் அனுப்புறேன். அதுவும் ரோடு மறியல் இல்லேன்னாதான், இங்க திடுதிப்னு ரோட்ல கல்லை உருட்டிடுறாங்க. செந்தில் நீயும் ஒரு நாள் உபரியா வச்சுக்கோ

செந்தில், 7:55
5 நாள் லீவுல எங்க வைக்க

டாக்டர் சித்தி, 7:56
10 நாள் கேளு. குடுக்கலைன்னா கொடைக்கானல் போ