தனியாளாக ரொட்டவேட்டர் மாட்ட: முட்டா, சக்கர மேடையா?

மேட்டுக்காடு:
45 எச்.பி. டிராக்டர். பிளேடு சுழன்று மண்ணைக் கிளறும் ஆறடி ரொட்டவேட்டர், ஒன்பது கொழுக் கலப்பை, சட்டிக் கலப்பை (டிஸ்க்) மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டுகிறேன். உதவிக்கு ஆள் கிடைப்பதில்லை. டிராக்டரைப் பின்னால் எடுத்தால், கருவியைத் தூக்கும் இரண்டு கீழ்க் கைகளில் இடது கை சேர்ந்துவிடுகிறது, வலது கை சேர மாட்டேன் என்கிறது. கடப்பாரை போட்டு நெம்பி நெம்பி இடுப்பு போகிறது. நான்கு சக்கரம் வைத்த மேடை செய்து, கழற்றும்போது கருவியை அதன்மேல் இறக்கிவிடலாமா என்று பார்க்கிறேன். யாராவது வைத்திருக்கிறீர்களா?

கரிசல்:
எதற்கு அண்ணாச்சி வீண் செலவு? சமமான தரையில் இறக்கிவிட்டு வண்டியை முன்னால் எடுங்கள். மாட்டும்போது இடது கை முதலில், அப்புறம் வலது, கடைசியில் மேலே நடுவில் இருக்கிற டாப் லிங்க். வலது கைக்கு லெவலிங் திருகு வைத்திருக்கிறான், அதைத் திருப்பினால் கை ஏறும், இறங்கும். 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு வந்த காலத்திலிருந்து இதே வேலைதான். மேடை கட்டியா மாட்டினார்கள்?

வண்டல்:
அன்றைய இரண்டு கொழுக் கலப்பையை ஓராள் புரட்டி நகர்த்தலாம் ஐயா. ஆறடி ரொட்டவேட்டர் 400 கிலோவுக்கு மேல். தரையில் இறக்கி ஒரு மழை பெய்தால் பக்கவாட்டு கியர் இருக்கிற பக்கம் முதலில் அமிழும். அப்போது உயரம் மட்டும் மாறுவதில்லை, கருவியே கோணிக்கொள்ளும். உங்கள் திருகு கையை ஏற்றும் இறக்கும், கோணலை என்ன செய்யும்? கருவியின் பின் (இரும்பு முளை) ஒரு பக்கம் பார்க்கும், கை நுனியில் இருக்கிற உருண்டைத் துளை இன்னொரு பக்கம் பார்க்கும். மேட்டுக்காடு கடப்பாரை எடுப்பது அதற்காகத்தான். நான்கு தூறல் விழுந்தால் வண்டியே இறங்க முடியாத கரிசலில் இருந்துகொண்டு தரையில் வை என்கிறீர்களே!

பட்டறை:
சக்கர மேடைதான் சரி. சேனல் இரும்பில் சட்டம், நான்கு மூலைக்கும் திரும்பும் இரும்புச் சக்கரம், இரண்டில் பிரேக். டிராக்டரை ஏறக்குறைய நேராக நிறுத்தினால் போதும், மீதி இரண்டு மூன்று அங்குலத்தை மேடையைத் தள்ளிச் சரிசெய்யலாம். கொட்டகையில் இடமும் மிச்சம், ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோரம் ஒதுக்கிவிடலாம். செய்து கொடுத்திருக்கிறேன், குறை சொன்னவர் இல்லை.

வண்டல்:
உங்களிடம் வாங்கியவர்கள் எல்லோரும் சிமென்ட் தளம் போட்டவர்களாக இருப்பார்கள். மேட்டுக்காடு, உங்கள் கொட்டகைத் தரை என்ன?

மேட்டுக்காடு:
மண் தரைதாங்க. நெல் காயப்போடும் களம் மட்டும் சிமென்ட். மழைத் தண்ணீர் வடிய அதிலும் கொஞ்சம் வாட்டம் உண்டு.

வண்டல்:
அப்படியானால் சக்கரத்தை மறந்துவிடுங்கள். மண்ணில் சின்னச் சக்கரம் புதையும். களத்து வாட்டத்தில் 400 கிலோ தானாக நகர்ந்தால் கையால் யார் நிறுத்துவது? பிரேக் போட்டிருந்தாலும் பின்னால் வருகிற டிராக்டர் லேசாக இடித்தால் மேடையோடு சேர்ந்து ஓடும். சக்கர உயரம் கூடக்கூடக் கருவியின் பாரமும் மேலே போகிறது, சாய்வது எளிது.

நான் சொல்வது நிலையான முட்டு. கொட்டகையில் வண்டி பின்னால் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் ஜல்லி கொட்டி இடித்துச் சமப்படுத்துங்கள். அதன்மேல் வைரம் பாய்ந்த பனங்கட்டை. தென்னங்கட்டை வேண்டாம், மழையில் ஊறி நைந்துபோகும். ஹாலோ பிளாக் கூடவே கூடாது, முனையில் பாரம் விழுந்தால் சொல்லாமல் நொறுங்கும். பழைய டயரும் வேண்டாம், அமுங்கும், தண்ணீர் தேங்கிக் கொசு வேறு.

கட்டையைப் பிளேடுக்கு அடியில் வைக்காதீர்கள். இரண்டு பக்கத் தகடுகளுக்கும் அடியில் வைத்து, பிளேடு தரை தொடாமல் நிற்க வேண்டும். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுவரும் பிடிஓ ஷாஃப்டைக் கழற்றிய பிறகு, பிளேடு மாட்டிய ரோட்டரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பிளேடு தரையில் ஊன்றினால் உருண்டு நகரப் பார்க்கும். முன்பக்கம் ஊன்றுகால் இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள். கழற்றிப் பரணில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

முக்கியமானது உயரம். மூன்று கருவிகளின் கீழ்ப் பின்னும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும்படி கட்டைகளை அறுத்துவிடுங்கள். அந்த உயரத்துக்கு லிஃப்ட் லீவர் எங்கே நிற்கிறதோ அங்கே பெயின்ட் கோடு. அப்புறம் எதை மாட்டினாலும் லீவர் கோட்டில், வண்டி பின்னால், இறங்கிப் பின்னைப் போட வேண்டியதுதான். கழற்றும்போதும் கட்டைமேல் பாரம் முழுக்க இறங்கி, டாப் லிங்க் கையால் சுற்ற வருகிற வரை பின்னைப் பிடுங்காதீர்கள்.

கரிசல்:
இவ்வளவு கணக்கு பார்ப்பதற்குக் குயிக் ஹிட்ச் என்கிற கொக்கிச் சட்டம் ஒன்று வாங்கிவிடலாமே. வெளிநாட்டில் சீட்டைவிட்டு இறங்காமல் மாட்டுகிறான்.

பட்டறை:
அதற்கும் கருவி நேராக நிற்க வேண்டும், கோணிய கருவியில் கொக்கி விழாது. நம் ஊரில் டாப் லிங்க் மாட்டும் மாஸ்டின் உயரம் செய்கிற பட்டறைக்கு ஒன்று. கீழ்ப் பின்னும் ஒன்றில் 22 மி.மீ., இன்னொன்றில் 28 மி.மீ., புஷ் (இடைவெளி நிரப்பும் வளையம்) போட்டுத்தான் ஒப்பேற்ற வேண்டும். தவிர கருவி சில அங்குலம் பின்னால் தள்ளிப்போகும். ஷாஃப்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று போதுமான அளவு ஏறி நிற்கிறதா என்று பார்க்காமல் ஓட்டினால் பிடுங்கிக்கொள்ளும். லிஃப்ட் தூக்கும் பாரமும் குறையும். வண்டல் சொல்கிற முட்டு மண் தரைக்குச் சரி. சிமென்ட் தளம் சமமாக இருந்தால் என் ஓட்டு இப்போதும் சக்கரத்துக்குத்தான். 400 கிலோவைத் தள்ளி மூலையில் வைக்க உங்கள் பனங்கட்டைக்கு வழி இல்லை.

வண்டல்:
மூலையில் வைக்க டிராக்டரே இருக்கிறது. இன்னொன்று, ஆள் கிடைத்தாலும் டயருக்கும் கருவிக்கும் நடுவில் நிற்கவைத்து “வா வா” சொல்லச் சொல்லாதீர்கள். கிளட்சிலிருந்து கால் ஒருமுறை வழுக்கினால் போதும். முட்டு சரியாக இருந்தால் அந்த ஆளே தேவையில்லை.

கரிசல்:
அது நியாயம். ஆனாலும் ஒன்பது கொழுக் கலப்பைக்கு முட்டு வேண்டாம், கெட்டித் தரையில் தன் கொழுவிலேயே நிற்கும்.

வண்டல்:
நிற்கும். கொழுவுக்கு அடியில் பலகை போட்டால் மழைக்காலத்திலும் நிற்கும், உயரமும் மாறாது.

மேட்டுக்காடு:
சரிங்க, கட்டையே அறுக்கிறேன். சட்டிக் கலப்பைக்கு என்ன செய்வது? வட்டமான சட்டி, எந்தப் பக்கம் சாயும் என்றே தெரியவில்லை. வீட்டில் குழந்தைகள் வேறு.

பட்டறை:
ஒவ்வொரு சட்டிக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்த பலகை, முன்பக்கச் சட்டத்துக்கு அடியில் இரும்பு ஊன்றுகால். அது போதாது, மாஸ்டைச் சங்கிலி போட்டுக் கொட்டகைத் தூணோடு பூட்டிவிடுங்கள். மாட்டும்போது மூன்று பின்னும் ஏறின பிறகுதான் சங்கிலியை அவிழ்க்க வேண்டும். சட்டத்தின் உயரம் எழுதி அனுப்புங்கள், ஊன்றுகாலுக்கு அளவு சொல்கிறேன்.