தொராங் லா கடந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். அக்டோபரில் நானும் தம்பியும் நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் நடக்கப் போகிறோம். 5,416 மீட்டர் உயரத் தொராங் லா கணவாய்தான் கவலை. பேசி வைத்திருக்கும் வழிகாட்டி, கணவாய்க்கு முன்னால் வரும் மனாங் ஊரில் ஒரே ராத்திரி போதும் என்கிறார். 3,500 மீட்டரில் உடம்பு பழக இரண்டு ராத்திரியாவது வேண்டாமா? போன வருஷம் வேறொரு மலையில் அவசரப்பட்டு ஏறி, கூடார வாசலில் வாந்தி எடுத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தவன் நான்.

அப்புறம், கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் சுமார் 1,600 மீட்டர் இறக்கம். திருப்பதி படி இறங்கினாலே முனகுகிற முழங்கால் எனக்கு. இரண்டு ஊன்றுகோல் போதுமா, முட்டிக்கு உறையும் வேண்டுமா? மலை உயர நோய் வராமலிருக்க டயமாக்ஸ் மாத்திரை எடுத்தவர்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. முக்திநாத்தின் 108 தாரைத் தீர்த்தம் ஒரு பாட்டில் வந்தால் போதுமாம்.