ஃபாரின் கீ: 'அந்நியச் சாவி' வேண்டாம், 'அயற்சாவி' என்போம்

வணக்கம் நண்பர்களே,

தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையை இன்னோர் அட்டவணையோடு இணைக்கும் ஃபாரின் கீ (foreign key) என்பதைத் தமிழில் 'அந்நியச் சாவி' என்றே முடித்துவிடலாம் என்று நேற்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை, கொஞ்சம் பொறுங்கள்.

குடியாத்தம் பக்கம் ஒரு பால் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உறுப்பினர் அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரிசை. உறுப்பினர் எண்தான் முதன்மைச்சாவி (பிரைமரி கீ), அதாவது ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டுவது. இருவருக்கு ஒரே எண் வராது, காலியாகவும் விட முடியாது. பால் வரவு அட்டவணையில் அதே எண் காலையும் மாலையும் வந்துகொண்டே இருக்கும், 30 நாள் மாதத்தில் 60 தடவை. அங்கே நிற்கும் அந்த எண்தான் ஃபாரின் கீ. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோமே, அதேதான் இது: சாவி தொங்குவது இந்த வீட்டு ஆணியில், திறப்பது அந்த வீட்டை. அந்த வீடே இல்லையென்றால் சாவிக்கு என்ன வேலை? அதனால்தான் உறுப்பினர் அட்டவணையில் இல்லாத எண்ணுக்குப் பால் வரவு வைக்கப் போனால் தரவுத்தளம் மறுத்துவிடுகிறது. இப்படி அட்டவணைகளாகத் தரவை வைக்கும் முறையை முன்மொழிந்த எட்கர் காட் (Codd) 1970-ல் எழுதிய கட்டுரையிலும் இதுதான் பொருள், ஓர் அட்டவணையின் முதன்மைச்சாவி மதிப்புகளைத் தாங்கி நிற்பது. இதில் அந்நியம் எங்கே வந்தது? அயல் என்றால் நமக்குப் பக்கத்து வீடும்தானே.

சாவி போர்த்துகீசியச் சொல், திறவுகோல்தான் வேண்டும் என்பவர்களுக்கு: வீட்டில் எல்லோரும் பீரோ சாவி என்றுதான் சொல்கிறோம், கூட்டுச்சொல்லுக்கும் அது கச்சிதமாக இருக்கிறது. உறுப்பினர் எண், தேதி, வேளை மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பால் வரவைத் தனியாகப் பிரித்துக்காட்ட முடியும், அந்தக் காம்போசிட் கீயைக் கூட்டுச்சாவி என்றால் யாருக்கும் புரியும். கேண்டிடேட் கீக்கு 'வேட்பாளர் சாவி' வேண்டவே வேண்டாம். முதன்மைச்சாவி ஆகும் தகுதி உள்ளவை எல்லாம் தகுதிச்சாவிகள், சரியா?

அப்புறம் சரோகேட் கீ, அதாவது உண்மையான விவரங்களுக்குப் பதிலாக நாமே உண்டாக்கி வைக்கும் சாவி. சங்கங்களின் பட்டியலில் மாவட்டப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து முதன்மைச்சாவியாக வைத்திருந்தேன். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, ஆம்பூர் திருப்பத்தூரோடும் அரக்கோணம் ராணிப்பேட்டையோடும் போய்விட்டன. சங்கங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் சாவி மட்டும் மாறிப்போனது. அதைப் பிடித்திருந்த அயற்சாவிகளையெல்லாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்தினேன். அதற்குப் பிறகு, எந்தப் பொருளும் இல்லாத வெறும் வரிசை எண்ணைத்தான் சாவியாக வைக்கிறேன். இதற்கு 'பதிலிச்சாவி' என்று ஒரு சொல் மனதில் இருக்கிறது, ஆனால் எதற்குப் பதிலி என்பது அதில் தெரியவில்லை. வேறு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.