அட்டை இல்லையென்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்: நம் பக்கத்து வாக்குச்சாவடி அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். வெயில் ஏறுவதற்குள் போய் வந்துவிடலாம் என்று அப்பத்தாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அப்போது வயது 82. வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி 2021-இல் 80 வயது முடிந்தவர்களுக்கு இருந்தது. அன்று அவருக்கு 79. 2024-இல் அதை 85 ஆக்கிவிட்டார்கள். ஆக, இரண்டு முறையும் படியேறித்தான் போக வேண்டியிருந்தது.

வரிசையில் எங்கள் முறை வந்தது. அப்பத்தா சுருக்குப்பையை அவிழ்த்து, நான்காக மடித்த பாலித்தீன் உறையிலிருந்து இரண்டு பொருளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பூத் சிலிப். மற்றொன்று ஸ்மார்ட் ரேஷன் கார்டு. முதல் அலுவலர் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஆச்சி, இது ரெண்டுமே செல்லாது. ஓட்டர் ஐடியோ ஆதாரோ இருக்கா?"

"இதிலயும் என் படம்தானப்பா இருக்கு?" என்றார் அப்பத்தா.

அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் நல்ல பதில் தெரியாது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிற அட்டை, அரசே கொடுத்தது, படமும் இருக்கிறது. ஆனால் தேர்தல் ஆணையம் ஏற்கும் ஆவணப் பட்டியலில் ரேஷன் கார்டு இல்லை. பூத் சிலிப்பும் 2019 முதல் அடையாளச் சான்று கிடையாது. எந்தச் சாவடி, எந்த வரிசை எண் என்று காட்ட மட்டுமே அது. அப்பத்தா என் கையைப் பிடித்து, "வாடா, போவோம். நமக்கு இல்லைன்னுட்டாக" என்று திரும்பிவிட்டார். அவரை அங்கிருந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வாக்காளர் அட்டை எங்கே போனதென்று தெரியவில்லை. பீரோவில் தபால் ஆபீஸ் பாஸ்புக் அகப்பட்டது, முத்திரை பாதி ஏறிய படத்தோடு. அலுவலர் படத்தையும் முகத்தையும் இரண்டு தடவை பார்த்தார். பெயரை உரக்க வாசித்தார், கட்சி ஏஜென்டுகள் குறித்துக்கொண்டார்கள், வாக்களிக்க வந்ததன் அடையாளமாகப் பட்டியலில் அவர் வரிசையில் சிவப்புக் கோடு விழுந்தது. அவ்வளவுதான்.

இப்படித் திரும்பிப் போனவர்கள், போகாமல் நின்று கேட்டவர்கள் இரண்டு பேருமே சொல்லுங்கள்.

வாக்குச்சாவடிப் பணி செய்த ஓர் ஆசிரியை:

உங்கள் அப்பத்தாவைப் போல நிறையப் பேரை நான் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மூன்று தேர்தல்களில் முதல் அலுவலராக உட்கார்ந்தேன். வாக்காளர் அட்டை இல்லையென்றால் வேறு 12 ஆவணங்களில் ஏதாவது ஒன்று போதும். நம் பக்கத்தில் அதிகம் வருபவை ஆதார், படம் ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, படத்தோடு கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன் என்று நம்பி வராதீர்கள். சாவடிக்குள் கைபேசியே கூடாது.

செட்டிநாட்டில் பணி பார்த்தால் தனியாக ஒரு சிக்கல் உண்டு: விலாசம். முகவரி இல்லை, தலைப்பெழுத்து. நகரத்தார் வீடுகளில் பெயருக்கு முன்னால் 'அழ.சித.' என்று இரண்டு மூன்று தலைமுறைப் பெயர்கள் சுருக்கமாக வரும். அட்டையில் அது தமிழில் இருக்கும், ஆதாரில் ஆங்கில எழுத்தாகிவிடும், பாஸ்புக்கில் பாதி காணாமல் போயிருக்கும். பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த வீடென்றால் அப்பா பெயரே ஓர் ஆவணத்துக்கும் இன்னொன்றுக்கும் மாறும். ஒருமுறை ஏஜென்ட் ஒருவர் இதைக் காட்டி ஒரு பெரியவரை நிறுத்தப் பார்த்தார். ஆள் யாரென்று உறுதியானால் சின்ன எழுத்துப்பிழைகளைக் கண்டுகொள்ளக் கூடாது என்பதுதான் ஆணையத்தின் அறிவுரை. முகம், வயது, கதவு எண் மூன்றும் ஒத்துப்போயின, விட்டுவிட்டேன். ஆனால் அட்டையில் இருக்கிற படமே ஆளோடு ஒத்துப்போகவில்லையென்றால் அது வேறு. அப்போது மாற்று ஆவணம் கேட்டே தீர வேண்டும். அடையாள அட்டை 1993-இல் வந்தது; தொடக்க காலத்து மங்கிய கறுப்பு வெள்ளைப் படங்களை இன்னும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

ஆசிரியை பெயரைப் பற்றிச் சொன்னதால் எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் வழக்கம். ஆக, பட்டியலில் ஐயா (எங்கள் தாத்தா) பெயரும் என் தம்பி பெயரும் ஒன்றே, கதவு எண்ணும் ஒன்றே. காலையில் தம்பி போய் வாக்களித்தான். அவனுக்குப் போட வேண்டிய சிவப்புக் கோட்டை, ஐயா பெயருள்ள வரிசையில் அலுவலர் போட்டுவிட்டார். மதியம் ஐயா வாக்காளர் அட்டையோடு போனால், "உங்க ஓட்டு பதிவாயிருச்சே" என்கிறார்கள்.

ஐயா கையை நீட்டி விரலைக் காட்டிக்கொண்டே நின்றார். மை இல்லாத விரல்.

தலைமை அலுவலர் அட்டையைப் பார்த்து, சில கேள்விகள் கேட்டு, அவர்தான் உரியவர் என்று ஒப்புக்கொண்டார். தேர்தல் நடத்தை விதி 49P-யின்படி அச்சிட்ட வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். 17B படிவத்தில் கையெழுத்து வாங்கி, சீட்டைத் தனி உறையில் போட்டார்கள். "மெஷின்ல போட விட மாட்டீகளா?" என்று ஐயா கேட்டார். விதியில் இடமில்லை. அந்தச் சீட்டு வழக்கமான எண்ணிக்கையிலும் சேராது. நீதிமன்றம் கேட்டால்தான் உறை பிரியும். ஐயாவுக்கு அது பெரிய வருத்தம். ஒரே பெயர்க்காரர்கள் இருக்கும் வீடென்றால் அட்டை எண்ணையும் வயதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிவிட்டு, கோடு எந்த வரிசையில் விழுகிறது என்று பாருங்கள்.

பள்ளத்தூர், இப்போது சிங்கப்பூர்:

நான் 6ஏ படிவம் கொடுத்து வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்திருக்கிறேன். விடுமுறையில் வந்தபோது ஆதாரை எடுத்துக்கொண்டு போனேன். எங்களுக்கு அசல் பாஸ்போர்ட் மட்டும்தான் செல்லும் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். நம்மூரில் பாதி வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டி இருப்பதால் இதைச் சொல்கிறேன். பட்டியலில் நம் பெயர் பாகத்தின் கடைசியில் தனியாக இருக்கும், அங்கே தேடச் சொல்லுங்கள்.

ராயவரத்தில் பிறந்து தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டவர்:

என் அட்டை இன்னும் திருமயம் தொகுதி முகவரியில்தான் இருக்கிறது. பெயரை மட்டும் 8-ஆம் படிவத்தில் காரைக்குடித் தொகுதிக்கு மாற்றியிருந்தேன். பழைய அட்டையையே ஏற்றுக்கொண்டார்கள். பெயர் எந்தச் சாவடியின் பட்டியலில் இருக்கிறதோ, அதுதான் கணக்கு.

மறுபடியும் காரைக்குடியிலிருந்து:

கடைசியாக எழுதிய சகோதரி சொன்னதற்கு நேர் எதிரானது எங்கள் தெருவில் நடந்தது. 2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும்தான் கதவு திறக்கும். டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தபோது அவர்கள் பெயர் இல்லை. கையில் பளபளவென்று அட்டை இருக்கிறது, பெயர் இல்லை. அந்த அட்டையைக் காட்டி ஒரு வாக்கும் போட முடியாது. போனில் சொன்னேன், உடனே பெயர் சேர்க்கும் 6-ஆம் படிவம் கொடுத்தார்கள். பூட்டிய வளவு வீடு உங்கள் தெருவிலும் இருந்தால் நீங்களும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

அப்பத்தாவுக்கும் 8-ஆம் படிவத்தில் மாற்று அட்டை கேட்டோம், தபாலில் வந்தது. வாங்கியதும் படத்தைத் தடவிப் பார்த்தார். அதே பாலித்தீன் உறையில், ரேஷன் கார்டுக்கு மேலே வைத்து நான்காக மடித்துக்கொண்டார்.