நுரை, வீக்கம், ஆன்டிபாடி: கிட்னில புரோட்டீன் கசியுற வியாதி உங்களுக்கு எப்படி தெரிஞ்சுது?

மழைத்துளி:
ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணியும் யூரின் நுரை ஓரத்துல ஒட்டிட்டு நின்னுச்சு. அதுக்கு முன்னாடியே சாக்ஸ் கழட்டினா கால்ல பள்ளம் விழும், நின்னுட்டே வேலை பாக்குறதாலன்னு விட்டுட்டேன். 24 மணி நேர யூரின்ல புரோட்டீன் 8 கிராம், ரத்தத்துல ஆல்புமின்ங்கிற புரதம் 1.9 தான், ரொம்ப கம்மி, பயாப்ஸில மெம்ப்ரனஸ்னு ஒரு கிட்னி வியாதி, பிஎல்ஏ2ஆர்ங்கிற ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ். டாக்டர் ரெண்டு கை விரலையும் கோத்துக் காட்டினார், கிட்னில வடிகட்டி செல் இப்படித்தான் கோத்துட்டு இருக்கும், உங்க உடம்பு செஞ்ச ஆன்டிபாடியே அதுல போய் ஒட்டிக்குதுன்னு சொல்லிட்டே விரல மெதுவா பிரிச்சார். அந்த இடுக்கு வழியாத்தான் ஆல்புமின் போகுதாம். நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டேன், ஒண்ணும் பண்ணலன்னார். அது இன்னும் மனசுல உறுத்துது.

ஆதி83:
எல்லாருக்கும் பிஎல்ஏ2ஆர்தான்னு நெனைக்காதீங்க. என் தம்பிக்கு மினிமல் சேஞ்ச்னு வேற ஒரு கிட்னி வியாதி. ஒரு காலைல கண்ணே தொறக்க முடியாம முகம் வீங்கி என் முன்னாடி வந்து நின்னான், யாரோ அடிச்சிட்டாங்கன்னுதான் நெனச்சேன். அந்த விரல் இடுக்குல நெஃப்ரின்னு ஒரு புரதம் வலை மாதிரி இருக்கு, இந்த வியாதில சில பேருக்கு அதுக்கு எதிராவே ஆன்டிபாடி இருக்குன்னு 2022-ல ஆய்வு வந்துச்சு. தம்பிக்கு ஸ்டெராய்டுலயே 3 வாரத்துல புரோட்டீன் போறது நின்னுடுச்சு, நீங்களும் அதையே கேளுங்க.

கயல்:
ஆதி, தப்பா வழி காட்டாதீங்க. மெம்ப்ரனஸ்க்கு ஸ்டெராய்டு மட்டும் குடுத்தா பத்தாது, ரெண்டும் வேற வேற வியாதி. எங்க அப்பாவுக்கும் மெம்ப்ரனஸ்தான், ரிட்டுக்சிமாப்னு ஆன்டிபாடி உண்டாகுறத அடக்குற ஊசி போட்டு 3 மாசத்துல ஆன்டிபாடி நெகட்டிவ், ஆனா புரோட்டீன் அப்பவும் 6 கிராம். மருந்து கேக்கலன்னு ரிப்போர்ட்ட நாலா மடிச்சு சட்டைப் பைல வச்சுட்டு ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல.

மழைத்துளி, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஆன்டிபாடிதான் முதல்ல எறங்கும், அடி வாங்கின செல் ஆறி யூரின் சரியாக மாசக்கணக்கா ஆகும், அதனால யூரின் ரிப்போர்ட்ட மட்டும் பாத்து ஒடைஞ்சு போயிடாதீங்க. சுமார் மூணுல ஒருத்தருக்கு அந்த மருந்து இல்லாமலே தானா அடங்குது, ஆனா உங்களுக்கு வெயிட் பண்ணலாமா வேணாமான்னு டாக்டர்தான் சொல்லணும். இன்னொண்ணு, ஆல்புமின் இவ்வளவு கம்மியா இருந்தா ரத்தக்குழாய்ல ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும்னு இருக்காம உடனே ஓடுங்க.

மழைத்துளி:
இத படிச்சதும் டேப் எடுத்து ரெண்டு கெண்டைக்காலையும் அளந்தேன், ஒரே அளவுதான், வலியும் இல்ல. ரத்தம் உறையாம இருக்க ஏதாவது வேணுமான்னு நாளைக்கே போன் பண்ணி கேக்குறேன். அடுத்த ஆன்டிபாடி டெஸ்ட் செவ்வாய்க்கிழமை. கயல், அப்பாவுக்கு அந்த 6 கிராம் எத்தனை மாசத்துல எறங்குச்சு?