நீண்ட ஓட்டம் சலிக்கிறது என்றேனே, அதன் புதுப்பிப்பு

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் ரோட்டிலேயே போய்ப் போய்த் திரும்புவது அலுத்துவிட்டது, ஞாயிறு ஓட்டத்துக்கு வழி சொல்லுங்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். சொன்னவற்றை முயன்று பார்த்தேன்.

முதலில், ஈர மணலில் ஓடும் யோசனை. கரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழுகிறது. இடுப்பு கெஞ்சுகிறது. குட்டி ஓட்டத்துக்குப் பரவாயில்லை, நீண்டதற்கு வேண்டாம்.

சூப்பர் ஹிட், ஒருவழி ஓட்டம்தான். விடியுமுன் மஞ்சக்குப்பத்தில் கிளம்பி, தென்பெண்ணைப் பாலம் தாண்டி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி. சுமார் 22 கி.மீ., அரை மாரத்தானைவிடக் கொஞ்சம் கூடுதல். திரும்ப பஸ். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை என்பதே பாதி உற்சாகம். புதுச்சேரி எல்லை வந்ததை போர்டு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், சாராயக்கடைகளே சொல்லிவிடும்! வண்டிகள் எதிரே வரும் ஓரமாக ஓடுங்கள், பளிச்சென்ற சட்டை கட்டாயம். பஸ் காசும் மாற்றுச் சட்டையும் பாலிதீன் கவரில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் ஊறிய பத்து ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் அதை இரண்டு விரலால் நுனியில் பிடித்து வாங்குகிறார்.

அப்புறம் அந்த ஃபார்ட்லெக், அதாவது வேகத்தை மாற்றி மாற்றி ஓடுவது. 1930களில் சுவீடனில் பிறந்த முறை. ஒரு விளக்குக் கம்பம் வரை விரட்டல், அடுத்த இரண்டுக்குச் சாவகாசம். நாய் குரைத்தால் கணக்கு மாறும். இதை வாரநாள் குட்டி ஓட்டத்துக்கு வைத்துக்கொண்டேன்.

கேப்பர் மலைச் செம்மண் ஏற்றம் மட்டும் பாக்கி. மழை விட்டதும் போகிறேன், கூட வருபவர்கள் சொல்லுங்கள்.